வீட்டுப் பக்கம் காட்டு விலங்கா? செங்கோட்டை–ஆரியங்காவு அடிவாரத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, மேக்கரை, வடகரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை. இந்த ஊர்களில் எங்கே குடியேறினாலும் முதல் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிடுவீர்கள். ஓட்டுக்கூரையில் மரநாய் ஓடும். கிணற்றடியில் உடும்பு கிடக்கும். வாய்க்கால் வரப்பில் பெரிய கால்தடம் இருக்கும். தென்னங்கன்று அடியோடு கடிபட்டுச் சாய்ந்திருக்கும். மாம்பழக் காலமென்றால் வடகரை, மேக்கரைத் தோப்புகளில் யானையே நிற்கும்.

பார்த்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படமில்லை, அளவில்லை, நேரமில்லை என்றால் நீங்கள் பார்த்தது வெறும் பேச்சாகப் போய்விடும். வனத்துறை வாட்சர் வருவதற்குள் தடத்தின் மேல் ஐம்பது பேர் நடந்திருப்பார்கள். நஷ்ட ஈடு கேட்கப் போனால் "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமலிருக்கத்தான் கீழே உள்ளவை.

1. எந்தப் "புலி" என்று முதலில் கேளுங்கள்

எல்லையில் பாதிக் குழப்பம் பெயரால் வருவது. மலையாளத்தில் புலி என்றால் நம் சிறுத்தை. நாம் புலி என்பதை அவர்கள் கடுவா என்பார்கள். ஆரியங்காவு எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர் "நேற்று ராத்திரி புலி வந்தது" என்று சொன்னால் அவர் சொல்வது சிறுத்தையை. அதையே புளியரையில் ஒருவர் தமிழ்க் காதால் கேட்டு வாட்சப்பில் போட்டால், காலைக்குள் வரிப்புலி ஊருக்குள் இறங்கிவிட்டது என்று செய்தியாகிவிடும்.

இன்னும் சில: மிளா (கடமான்) இங்கே மிளாதான், அங்கே மிலாவு. நாம் காட்டெருமை, காட்டுமாடு என்பதை அங்கே காட்டுபோத்து என்பார்கள். மரநாய் அவர்களுக்கு மரப்பட்டி, அழுங்கு (எறும்புதின்னி) ஈனாம்பேச்சி, புனுகுப்பூனை வெருகு. பாம்பில் நல்ல பாம்பு மூர்க்கன், கண்ணாடி விரியன் அணலி, கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன், ராஜநாகம் ராஜவெம்பாலா. ஆஸ்பத்திரியில் மலையாள நர்ஸிடம் பாம்பைச் சொல்ல வேண்டிய நிலை வந்தால் இந்த நாலு பெயரும் உதவும். எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதல் பத்து நிமிடம்: தூரம்

யானை என்றால் 100 மீட்டருக்குக் குறையாமல் விலகுங்கள். வெடி போடுவது, டார்ச்சை முகத்தில் அடிப்பது, பைக் ஹாரன், கல் எதுவும் வேண்டாம். அது போக நினைக்கும் பக்கத்தில் ஆள் நின்றால்தான் திரும்பி வரும். போகும் வழியை அடைக்காமலிருப்பதே முக்கால்வாசிப் பாதுகாப்பு.

கரடிதான் இங்கே அதிகம் ஏமாற்றும். கண் பார்வை சுமார், மூக்கு கூர்மை. கறையான் புற்றையோ விழுந்த பலாவையோ தின்னும்போது ஆள் வருவது தெரியாமல் பக்கத்தில் போனபின் திடீரென்று மேலே பாயும். அதிகாலையும் அந்தியும் தோப்புக்குப் போகும்போது பேசிக்கொண்டோ தடியைத் தட்டிக்கொண்டோ போங்கள். எதிரே பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

சிறுத்தை ஆளைப் பார்த்தால் பெரும்பாலும் தானே போய்விடும். அது வீட்டுக்குப் பக்கத்தில் வருவது தெருநாய்க்கும் ஆட்டுக்கும். கோழிக் கழிவைக் கொட்டும் இடத்தில் நாய் கூடும், நாய் கூடுமிடத்துக்குச் சிறுத்தை வரும். குப்பையை ஒழுங்குபடுத்தாமல் கூண்டு வைக்கச் சொல்லி மனு எழுதுவதில் பயனில்லை.

காட்டுப்பன்றியைத் துரத்தாதீர்கள். குட்டியுள்ள பன்றியும் அடிபட்ட பன்றியும் நேரே வந்து இடிக்கும். வயலில் தனியாகக் கிடக்கும் பழத்தையோ மாவுருண்டையையோ தொடவேண்டாம், உள்ளே வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயாக இருக்கலாம். கை போகும். குழந்தைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

3. படம்: அழகு வேண்டாம், அளவு வேண்டும்

விலங்கு நிற்கிறதென்றால் பாதுகாப்பான இடத்திலிருந்து, முதலில் ஜூம் போடாமல் ஒரு படம் எடுங்கள். சுற்றிலும் வேலி, மின்கம்பம், மரம் தெரியவேண்டும். விலங்கு போனபின் அதே இடத்தில் ஒரு ஆளையோ குடத்தையோ நிறுத்தி, முன்பு நின்ற அதே புள்ளியிலிருந்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உயரம் தெரிந்துவிடும். "கன்றுக்குட்டி அளவு" என்று சொன்ன சிறுத்தை இந்தச் சோதனையில் பலமுறை காட்டுப்பூனையாகச் சுருங்கிவிடும்.

அடுத்து வால், காது, கால். காட்டுப்பூனைக்கு உடம்பில் புள்ளி கிடையாது, சாம்பல் கலந்த பழுப்பு. கால் நீளம், வால் குட்டை, வால் நுனியில் கறுப்பு வளையம், காது நுனியில் சிறு மயிர்க்கொத்து. சிறுத்தைக்கு வால் நன்றாக நீண்டிருக்கும், உடம்பில் பூப்பூவாகத் திட்டு. மரநாய்க்கு முகத்தில் முகமூடி போட்ட மாதிரி கறுப்பு, முதுகில் மங்கலான கோடு, நீண்ட கறுத்த வால். ராத்திரி ஓட்டின் மேல் தட தடவென்று ஓடுவது பத்தில் ஒன்பது தடவை மரநாய்தான்.

குறிப்பில் வேண்டியவை: தேதி, நேரம், இடம் (போன் மேப்பில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்கள்), எத்தனை, எந்தத் திசையில் போனது, என்ன செய்துகொண்டிருந்தது, மழையா வெயிலா. ஆறு வரி போதும். அன்றைக்கே எழுதுங்கள். மூன்று நாள் கழித்து எழுதினால் விலங்கு வளர்ந்துவிடும்.

4. தடமும் எச்சமும்

விலங்கைவிட அது விட்டுப்போனதைத்தான் நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள். படிக்கத் தெரிந்தால் இதுவே நம்பகமான சாட்சி.

தடத்தின் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், எல்லாருக்கும் தெரிந்த அளவு. ஸ்கேல் இருந்தால் இன்னும் நல்லது. போனை நேர் மேலே பிடியுங்கள். சாய்த்து எடுத்தால் நீளம் பொய்யாகும். நடுப்பகல் வெயிலில் தடம் தட்டையாகத் தெரியும். அப்போது ஒரு பக்கம் குடையால் நிழல் பிடித்து, மறுபக்கம் இன்னொரு போனின் லைட்டைத் தரையோடு தரையாக அடித்தால் விளிம்பு எழும்பும். ஒன்றை மட்டும் எடுக்காமல் வரிசையாக நாலைந்து தடங்களை எடுங்கள். வாட்சர் வரும்வரை வாளியோ அலுமினியச் சட்டியோ கவிழ்த்து வையுங்கள். மழைக்காலத்தில் இது கட்டாயம்.

நாயா சிறுத்தையா என்பதுதான் முதல் கேள்வி. நாயின் தடம் நீளவாக்கில் இருக்கும், விரல்களுக்கு முன்னால் நகக்குறி விழும், நடுவிலுள்ள மெத்தை முக்கோணம். பூனை இனத்தின் தடம் வட்டம், நகக்குறி இல்லை, மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மேடு. இந்த மூன்று மேடுதான் முக்கியம். ஏனென்றால் காய்ந்த தரையில் நாய்க்கும் நகக்குறி விழாது, சேற்றில் வழுக்கினால் சிறுத்தைக்கும் விழும். நகத்தை மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள் தவறுவது இங்கேதான். அகலம் வீட்டுப் பூனைக்கு 3 செ.மீ. அளவு, காட்டுப்பூனைக்கு 4 முதல் 5, வளர்ந்த சிறுத்தைக்கு 7 முதல் 9. ஈரச் சேற்றில் தடம் விரிந்து பெரிதாகும். அதனால் சேற்றில் அளந்ததை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

கரடிக்கு ஐந்து விரல், விரலுக்கு முன்னால் தள்ளி நீண்ட நகக்கோடுகள். பின்காலின் தடம் மனிதக் காலைப் போலவே இருக்கும். வெறுங்காலோடு யாரோ நடந்ததாக நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். பன்றிக்கு இரண்டு குளம்பு, இளகிய மண்ணில் பின்னால் இரண்டு சிறு புள்ளி. பக்கத்தில் மண் மூக்கால் உழுதமாதிரி கிளறியிருக்கும். யானையின் முன்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிறு வைத்து அளந்தால், அதைப்போல இரண்டு மடங்கு தோள் உயரம். கயிறு 135 செ.மீ. வந்தால் யானை ஏறக்குறைய 2.7 மீட்டர். ரேஞ்சரிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர் உங்களைக் கேட்கும் விதமே மாறும்.

எச்சத்தில் சுவர் மேலோ பாறை மேலோ முழு விதைகளோடு இருந்தால் மரநாய். முறுக்கிக்கொண்டு நுனி கூராக, உள்ளே மயிரும் எலும்புத் துணுக்கும் என்றால் பூனை இனம் அல்லது நரி. அடவிநயினார், குண்டாறு அணைக்குக் கீழே ஓடைப் பாறைகளில் மீன் செதிலும் நண்டு ஓடுமாக, மீன் வாடையோடு இருந்தால் நீர்நாய். கறையான் ஓடும் இலந்தைக் கொட்டையும் குவியலாகக் கிடந்தால் கரடி. கையால் தொடாமல் குச்சியால் பிரியுங்கள்.

தென்னங்கன்றின் அடியில் அகலமான பல்தடத்தோடு கடித்துக் குடைந்திருந்தால் முள்ளம்பன்றி. சுற்றிலும் தேடினால் ஒரு முள்ளாவது கிடைக்கும். கன்றையே புரட்டிக் குருத்தைத் தின்றிருந்தால் பன்றி. மட்டையை இழுத்துப் பிளந்திருந்தால் யானை. விண்ணப்பத்தில் விலங்கின் பெயரைத் தவறாக எழுதினால் ஆய்வுக்கு வருபவர் அந்த ஒன்றை வைத்தே தள்ளிவிடலாம்.

5. சிசிடிவி, கேமரா ட்ராப்

வீட்டில் ஏற்கெனவே சிசிடிவி இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும். பதிவு தானாக அழிந்து மேலே மேலே எழுதப்படும். ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் நிற்கும். எனவே அன்றைக்கே பென் டிரைவில் இறக்குங்கள். இரண்டாவது, கருவியின் கடிகாரத்தைப் போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று குறித்து வையுங்கள். ராத்திரிப் பதிவில் வெள்ளையாக மிதந்து போகும் உருவம் லென்ஸுக்கு முன்னால் உள்ள சிலந்தி நூல். அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஆவி வீடியோ என்று சுற்றுபவற்றில் பல இதுதான். வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

கேமரா ட்ராப் (விலங்கு வந்தால் தானே படமெடுக்கும் கருவி) வாங்குவதென்றால் இணையக் கடைகளில் சுமார் 5,000 முதல் 12,000 ரூபாய்க்குள் வேலைக்கு ஆகும் கருவி கிடைக்கும். மெமரி கார்டு, பேட்டரி, கட்டும் பட்டை, பூட்டு தனிச் செலவு. பெரும்பாலானவை எட்டுப் பென்சில் பேட்டரி கேட்கும். வைக்கும் முறை:

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து 40 முதல் 50 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள். நெஞ்சு உயரத்தில் கட்டினால் மரநாயின் முதுகுதான் கிடைக்கும். நடமாடும் தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, தடத்துக்குச் சாய்வாகத் திருப்புங்கள். நேர் குறுக்காக வைத்தால் கேமரா விழிப்பதற்குள் விலங்கு கடந்துபோய் வால் மட்டும் மிஞ்சும். முகம் வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும், கிழக்கும் மேற்கும் சூரியனைத்தான் படம் பிடிக்கும். எதிரே உள்ள புல்லை வெட்டுங்கள். இந்தக் கருவி அசையும் சூட்டைப் பார்த்து விழிக்கிறது. வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினால் ஒரே நாளில் ஆயிரம் வெற்றுப் படம். அதே காரணத்தால் சித்திரை வெயிலில் தரைச் சூடும் உடல் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட, பகலில் விலங்கு போனாலும் கேமரா பேசாமலிருக்கும். பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பேட்டரி மாற்றும்போது பல மலிவுக் கருவிகளில் தேதி பழைய நிலைக்குப் போய்விடும். தேதி தவறான படம் சாட்சிக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் மாற்றி முடித்ததும் உங்கள் போனின் தேதி, நேரத்தைக் கேமராவுக்குக் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். கார்டைக் கேமராவிலேயே பார்மேட் செய்யுங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து எறும்புக் கூடு இருக்கிறதா பாருங்கள்.

உங்கள் பட்டா நிலத்தில் வைப்பதற்குத் தடையில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வைக்கக்கூடாது, நுழைவதே குற்றம். பக்கத்து வீட்டு வாசல், குளிக்கும் ஓடை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விலங்கைவிட அந்தச் சண்டை பெரிது.

6. பாம்பு: தெரிந்த மாதிரி நடிக்காதீர்கள்

இரண்டு குழப்பங்கள் உயிரை வாங்கும். குட்டி மலைப்பாம்பு என்று கண்ணாடி விரியனைக் கையில் எடுப்பது ஒன்று. விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்தமாதிரி ஒழுங்கான நீள்வட்ட வரிசை, மலைப்பாம்புக்கு ஒழுங்கற்ற பெரிய திட்டு. குக்கர் மாதிரிச் சீறினால் விரியன். இன்னொன்று கட்டுவிரியனும் அதைப்போலவே பட்டை போட்ட நஞ்சில்லாத பாம்பும். நூலில் பல வித்தியாசம் எழுதியிருந்தாலும் டார்ச் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. கறுப்பில் வெள்ளைப் பட்டை என்றால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பை மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒருவர் கண்ணெடுக்காமல் பார்க்கட்டும். அந்த அறைக் கதவை மூடி, கீழிடுக்கில் ஈரத்துணி செருகுங்கள். தமிழகப் பக்கம் தீயணைப்பு நிலையம் (101 அல்லது 112) வந்து பிடிக்கும், கட்டணம் கிடையாது. கேரளப் பக்கம் வனத்துறையின் சர்ப்பா செயலியில் பக்கத்திலுள்ள பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரின் எண் கிடைக்கும். பாம்பு வருவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையடியில் சிக்னல் நம்ப முடியாது.

கடித்துவிட்டால் நேரம் குறியுங்கள், மோதிரம் கொலுசு கழற்றுங்கள், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை எல்லாம் நேரக்கொலை. 108. தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை, அந்தப் பக்கம் புனலூர் தாலுகா மருத்துவமனை. நச்சு முறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பாம்பைக் கொன்று பையில் கொண்டுபோக வேண்டாம், தூரத்திலிருந்து எடுத்த படம் போதும். இந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் வேலை செய்யும். ரப்பர், ஏலத் தோட்டங்களில் உள்ள மூக்கு தூக்கிய குழிவிரியனுக்கு இந்தியாவில் தனி முறிவு மருந்து கிடையாது. அதனால் எங்கே கடித்தது, தோட்டத்திலா வீட்டிலா என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி, கண்ணிமை தொங்கல் என்று எழுந்தால் அஜீரணம் என்று சோடா கொடுக்காமல் கிளம்புங்கள். கட்டில், மெத்தைக்கடியில் செருகிய கொசுவலை, இரண்டும் இதற்குப் போதுமான காப்பு.

குரங்கு, நரி, கீரி கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசி. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆம் நாட்கள். நடுவில் ஒன்றையும் விடாதீர்கள்.

7. யாரைக் கூப்பிடுவது

குடிவந்த வாரமே வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய் மூன்று எண் வாங்குங்கள்: ரேஞ்சர், வனவர், உங்கள் பீட்டின் (காவல் சுற்றின்) வனக்காப்பாளர். ராத்திரி இரண்டு மணிக்கு எடுப்பவர் மூன்றாமவர்தான். செங்கோட்டை, குற்றாலம் பக்கத்துக்கு எந்த வனக்கோட்டம் என்பதை அங்கேயே கேளுங்கள். கடையம் பக்கம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அம்பாசமுத்திரம் கோட்டம். ஆரியங்காவும் தென்மலையும் கேரளத்தின் தென்மலைக் கோட்டம்; செந்துருணி சரணாலயத்துக்குத் தனி நிர்வாகம்.

வீடு இந்த மாநிலம், தோட்டம் அந்த மாநிலம் என்று இருப்பவர்கள் விலங்கு நின்ற இடத்தின் சர்வே எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். போன் மேப்பில் காட்டும் எல்லைக்கோட்டை நம்பினால், இருபுறமும் "அது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்ல, நீங்கள் அலைய நேரும். சந்தேகம் என்றால் இரண்டு ரேஞ்சுக்கும் சொல்லிவிடுங்கள்.

பேசும்போது முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "வடகரைக்கு மேற்கே, இந்த சர்வே எண் தோப்பில், காலை ஐந்தேமுக்காலுக்கு, ஒரு யானை, வடக்கே போகிறது, ஆட்களுக்குக் காயம் இல்லை." "சார், சீக்கிரம் வாங்க" என்பதில் அவருக்குச் செய்தி எதுவும் இல்லை.

8. குட்டியைத் தூக்காதீர்கள்

கரும்பு, நெல் அறுவடையில் "சிறுத்தைக் குட்டி" என்று எடுக்கப்படுபவை பெரும்பாலும் காட்டுப்பூனைக் குட்டிகள். தாய் பக்கத்தில்தான் இருக்கும், ஆள் சத்தத்தால் வராது. அந்த மூலையை மட்டும் அறுக்காமல் விட்டு எல்லாரும் விலகினால் இரவில் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் சாகும். வளர்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. சிறுத்தை, யானை, கரடி, அழுங்கு, தேவாங்கு, மயில் எல்லாம் முதல் அட்டவணையில் உள்ளவை. குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கூண்டுக்கிளியும் சட்டப்படி குற்றமே, எத்தனை வீட்டில் தொங்கினாலும்.

பன்றித் தொல்லைக்கும் இதே எச்சரிக்கை. தமிழகத்தில் சுடுவது வனத்துறைக்கு மட்டுமே, அதுவும் காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து. கேரளத்தில் ஊராட்சித் தலைவர் அனுமதித்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் சுடலாம். அந்தப் பக்கத்து நடைமுறையைப் பார்த்து இந்தப் பக்கம் செய்தால் வழக்குதான். நேரடி மின்சாரம் பாய்ச்சிய வேலி இரண்டு பக்கமும் குற்றம். ஆள் செத்தால் கொலைக்குற்றம்வரை போகும்.

9. நஷ்ட ஈடு: காகிதமும் கணக்கும்

சேதத்தைக் கண்டதும் எதையும் ஒதுக்காதீர்கள். செத்த ஆட்டை இழுத்துப் போடாதீர்கள், சாய்ந்த வாழையை வெட்டாதீர்கள். படம், பிறகு வனக்காப்பாளருக்குப் போன், அதே நாளில் எழுத்து மனு. 24 மணி நேரம் தாண்டினால் சடலம் அழுகி, மருத்துவர் சான்று எழுதவே தயங்குவார்.

தமிழகத்தில் பயிர்ச் சேதத்துக்கு வேண்டியவை: ரேஞ்சருக்கு மனு, பட்டா–சிட்டா நகல் (அரசு இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம்), நடப்பு அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், தேதி தெரியும் படங்கள். அடங்கலில் போன வருடப் பயிர் இருந்தால் முதலில் விஏஓவிடம் அதைச் சரிசெய்யுங்கள். வாழை நட்டு நெல் என்று பதிவாகியிருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். குத்தகை நிலமென்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். சேதத்தை "நிறைய" என்று எழுதாமல் சென்ட் கணக்கிலோ மர எண்ணிக்கையிலோ எழுதுங்கள்: தென்னங்கன்று 14, வயது 3. ஆய்வுக்கு வனத்துறையோடு வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை ஆளும் வருவார். வரும் நாளில் நீங்கள் இருக்கவேண்டும்.

கால்நடை என்றால் அரசு கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று. ஆளுக்குக் காயமென்றால் முதலில் அரசு மருத்துவமனை. விபத்துப் பதிவேட்டில் "வனவிலங்கு தாக்கி" என்று எழுதச் சொல்லி ஏ.ஆர். நகல் வாங்குங்கள். "கீழே விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. உயிரிழப்பென்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. இதில் வாரிசுச் சான்றுதான் இழுக்கும். அதை முதலில் தொடங்குங்கள்.

கேரளத்தில் விண்ணப்பம் இ-டிஸ்ட்ரிக்ட் இணையதளம் வழியாக, அக்ஷயா மையத்தில் (அங்குள்ள இ-சேவை மையம்) போடலாம். நில வரி கட்டிய ரசீது நடப்பு ஆண்டுக்கானதாக இருக்கவேண்டும்; வில்லேஜ் ஆபீஸ் சான்று தேவைப்படும். அங்கே பாம்புக் கடி மரணத்துக்கும் வனத்துறை நஷ்ட ஈடு உண்டு, பலருக்கு இது தெரியாது.

இரண்டு மாநிலத்திலும் தொகை அரசாணைகளால் மாறிக்கொண்டே இருக்கிறது. வாட்சப்பில் வரும் பட்டியலை நம்பாமல் ரேஞ்ச் ஆபீசில் கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஜெராக்ஸ், படப் பிரின்ட், போக்குவரத்து எல்லாம் சேர்த்து சில நூறு ரூபாயில் முடியும். மனுவின் இரண்டாம் படியில் தேதியோடு முத்திரை வாங்காமல் ஆபீசை விட்டு இறங்காதீர்கள். பணம் வர மாதங்கள் ஆகும், நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது. மாதம் ஒருமுறை அந்த முத்திரைப் படியோடு போய்க் கேளுங்கள்.

10. எங்கே பதிவது, எதை மறைப்பது

என்ன விலங்கென்று தெரியவில்லையா? ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றுங்கள், இலவசம். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். பறவைக்கு இபேர்ட். ஐநேச்சுரலிஸ்டில் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைச் செயலியே மங்கலாக்கிக் காட்டும். மற்றவற்றுக்கு நீங்களே இட அமைப்பில் மறைத்துவிடலாம்.

தேவாங்கு, அழுங்கு, நட்சத்திர ஆமை, ஆந்தைக் கூடு ஆகியவற்றின் இடத்தை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். பிடித்து விற்பவர்களும் அதே குழுக்களைத்தான் படிக்கிறார்கள்.

வாட்சப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் இடம், நேர விவரம் நீங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். ரேஞ்சருக்கும் நஷ்ட ஈட்டுக் கோப்புக்கும் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஊர்க் குழுவுக்குப் படமாக, அதுவும் விலங்கு போய் ஒரு நாள் கழித்து. அனுப்புமுன் பின்னணியைப் பாருங்கள். பண்பொழித் திருமலைக் கோயில் குன்றோ அணைக்கட்டின் மதகோ ஓரத்தில் தெரிந்தால், இடத்தை மறைத்தும் மறைக்காத மாதிரிதான்; அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.